ஜெயில் இடம் மாறிச்சு, பில் யாருக்கு வந்துச்சு?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. அதுல பாதி கோயம்புத்தூர்ல இருந்து. "செம்மொழிப் பூங்கா பத்தி பேசுங்க, அந்த ஜெயில் இடம் பத்தி பேசுங்க"ன்னு. பேசலாம். ஆனா கோவைக்கு போறதுக்கு முன்னாடி உங்களை சென்னை சென்ட்ரலுக்கு கூட்டிட்டு போறேன். ஏன்னா கோவையில இப்ப நடந்துக்கிட்டு இருக்கிறது, சென்னையில 20 வருஷம் முன்னாடியே நடந்து முடிஞ்ச கதை.

பார்க் ஸ்டேஷன்ல இறங்கியிருக்கீங்களா? பக்கத்துல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜோட புதுக் கட்டிடம் தெரியும். பெரிய, சுத்தமான கட்டிடம். அந்த இடத்துல 1837-ல இருந்து ஜெயில் இருந்துச்சு. சென்னை மத்திய சிறை. அந்தமானுக்கு நாடு கடத்தப் போற கைதிகளை கப்பல் வர்ற வரைக்கும் அடைச்சு வச்ச இடம். எமர்ஜென்சியில 1976-ல மிசா கைதியா ஸ்டாலின் இருந்தது அங்கதான். அங்க வாங்கின அடியால பின்னாடி இறந்துபோன சிட்டிபாபுவும் அங்கதான் இருந்தார். 1996 டிசம்பர்ல ஜெயலலிதா 28 நாள் இருந்ததும் அங்கதான். தமிழ்நாட்டு அரசியல்ல ரெண்டு பக்கமும் 'உள்ள' போய் வந்த அட்ரஸ்னு சொல்லலாம்.

2006-ல கைதிகளை புழலுக்கு மாத்தினாங்க. 2009-ல கட்டிடத்தை இடிச்சாங்க. இடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் பொதுமக்களுக்கு திறந்து விட்டாங்க. ஜனங்க குடும்பத்தோட, குழந்தைகளை தூக்கிக்கிட்டு, வரிசையில நின்னு ஜெயில் பார்த்தாங்க. எனக்கு அப்ப பள்ளிக்கூட வயசு. அப்பா கூட்டிட்டு போனார். எனக்கு நினைவு இருக்கிறது ஒரே விஷயம்: ஒரு செல்லுக்குள்ள சுவர்ல யாரோ கோடு கோடா கிழிச்சு நாள் எண்ணியிருந்தாங்க. அஞ்சு அஞ்சா, குறுக்க ஒரு கோடு போட்டு. அப்பா அதை எண்ண ஆரம்பிச்சார். பின்னாடி இருந்த கூட்டம் தள்ளிடுச்சு, பாதியில விட்டுட்டோம்.

இப்ப கணக்குக்கு வருவோம். பழைய ஜெயில் சுமார் 11 ஏக்கர். புழல்ல கட்டின வளாகம் 212 ஏக்கர். தண்டனைக் கைதிகளுக்கு புழல் 1, விசாரணைக் கைதிகளுக்கு புழல் 2, பெண்களுக்கு தனிச் சிறை. மொத்தம் ஏறத்தாழ 3,000 பேருக்கான இடம். கட்டினதுக்கு சொல்லப்பட்ட செலவு 77 கோடி ரூபாய். பேப்பர்ல பார்த்தா பிரமாதமான டீல். 11 ஏக்கரை விட்டுட்டு 212 ஏக்கர். யாரு வேண்டாம்னு சொல்லுவாங்க?

ஆனா ஒரு ஏக்கர்ங்கிறது எல்லா இடத்துலயும் ஒரு ஏக்கர் கிடையாது. ஒரு ஏக்கர்ல 43,560 சதுர அடி. 11 ஏக்கர்னா சுமார் 4,79,000 சதுர அடி. பேச்சுக்கு, வெறும் பேச்சுக்கு, சென்ட்ரலை ஒட்டின இடத்துல சதுர அடி 5,000 ரூபாய்னு வைங்க. கிட்டத்தட்ட 240 கோடி வருது. அதாவது புழல் மாதிரி மூணு வளாகம் கட்டற காசு. நான் சொன்ன 5,000 சரியான்னு சண்டை போடலாம், போடுங்க. நான் சொல்ல வர்றது வேற. அந்த மாதிரி ஒரு நம்பரை அரசாங்கம் பொதுவா எழுதுறதே இல்லை. அரசு நிலம் ஒரு துறைகிட்ட இருந்து இன்னொரு துறைக்கு போகும்போது அங்க வாங்குறவரும் அரசு, விற்கிறவரும் அரசு. ஒரு அரசாணை, வருவாய்த் துறை பதிவேட்டுல ஒரு திருத்தம், முடிஞ்சுது. வீட்டுக்குள்ள அண்ணன் சட்டையை தம்பி போட்டுக்கிற மாதிரி. யாரும் பில் போட மாட்டாங்க.

இதுல ஒரு நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. அரசு தனக்குத் தானே காசு கொடுத்துக்கிறதுல என்ன அர்த்தம்? ஆனா பில் இல்லாத இடத்துல ஒரு ஆபத்தும் இருக்கு. விலை எழுதலைன்னா நஷ்டமும் எழுதப்படாது. எழுதப்படாத நஷ்டம் எங்கயாவது ஒரு இடத்துல போய் உட்காரும். எங்க உட்கார்ந்துச்சுன்னு எனக்கு தெரிய வந்த கதையை சொல்றேன்.

நான் வக்கீல், உங்களுக்கு தெரியும். கிரிமினல் சைடு. சீனியர்கிட்ட சேர்ந்த புதுசுல எனக்கு கொடுத்த வேலை, புழலுக்கு போய் வக்காலத்துல கையெழுத்து வாங்கிட்டு வர்றது, கைதியை பார்த்து நாலு விவரம் கேட்டுட்டு வர்றது. கேட்டுக்கு வெளிய எப்பவும் ஒரு கூட்டம் இருக்கும். பெரும்பாலும் பெண்கள். ஜெயில் பாஷையில 'மனு பார்க்க' வந்தவங்க. உள்ள இருக்கிறவரை சந்திக்க மனு எழுதிக் கொடுக்கணும், அதனால அந்த சந்திப்புக்கே மனுன்னு பேரு. "மனு பார்த்துட்டியா?" "இன்னும் இல்லக்கா, நம்பர் கூப்பிடல." இதுதான் அங்க கேட்கிற பேச்சு.

அந்த கூட்டத்துல ஒரு அக்காவை நாலஞ்சு தடவை பார்த்துட்டேன். ஒருநாள் அவங்களே கேட்டாங்க, "தம்பி வக்கீலா?" பேச ஆரம்பிச்சோம். பையன் புழல் 2-ல இருக்கான். அடிதடி கேஸ். வாய்தா மேல வாய்தா. அவங்க வீடு பெரும்பாக்கம். பெரும்பாக்கம்னு சொன்னதும் நான், "அடேங்கப்பா, அங்க இருந்தா வர்றீங்க"ன்னேன். சிரிச்சாங்க. "எங்க வீடு சிந்தாதிரிப்பேட்டை தம்பி. கூவம் ஓரம். எடுத்துட்டாங்க. அங்க கொண்டு போய் வச்சுட்டாங்க."

அப்புறம் சொன்னதுதான் எனக்கு தூக்கத்தை கெடுத்துச்சு. அவங்க வீட்டுக்காரரும் ஒரு காலத்துல உள்ள இருந்தவர். பழைய ஜெயில்ல. "அப்ப என்ன தம்பி, வேலைக்கு போற வழிதானே. கூவத்தை தாண்டினா ஜெயிலு. மனு பார்த்துட்டு பத்து மணிக்கு வேலைக்கு போயிடுவேன். வேலை வீட்டு அம்மாவுக்கு தெரியவே தெரியாது."

இந்த ஒரு வரியில எவ்வளவு இருக்கு பாருங்க. புருஷன் ஜெயில்ல இருக்கான்னு தெரிஞ்சா வீட்டு வேலை போயிடும். பக்கத்துல இருந்ததால அந்த ரகசியத்தை காப்பாத்த முடிஞ்சுது. இப்ப பையனை பார்க்கணும்னா விடியக்காலம் கிளம்பணும், பஸ் மாறி மாறி வரணும், ஒரு நாள் முழுக்க லீவு சொல்லணும். லீவுக்கு காரணம் சொல்லணும். எத்தனை தடவைதான் "சொந்தத்துல சாவு"ன்னு சொல்றது? ரெண்டு வீட்டு வேலை அப்படியே போச்சு.

மேப்பை எடுத்து பாருங்க. சிறையை நகரத்தோட வட கோடிக்கு கொண்டு போனாங்க. கூவம் கரையில இருந்தவங்களை தென் கோடிக்கு கொண்டு போனாங்க. ரெண்டு துறை, ரெண்டு திட்டம், ரெண்டு தனித்தனி அரசாணை. யாரும் கெட்ட எண்ணத்தோட செய்யல. ஆனா நடுவுல விழுந்த தூரம் முழுக்க இந்த அக்கா மாதிரி ஆளுங்க கணக்குல ஏறிடுச்சு.

ஒரு சின்னக் கணக்கு போடறேன், இதுவும் பேச்சுக்குத்தான். ஒரு நாளைக்கு 300 பேர் மனு பார்க்க வர்றாங்கன்னு வைங்க. இட மாற்றத்தால ஆளுக்கு ரெண்டு மணி நேரம் கூடுதலா போகுது. 600 மணி நேரம். எட்டு மணி நேர வேலை கணக்குல தினமும் 75 ஆள் கூலி. வருஷத்துக்கு 250 நாள்னா 18,750 ஆள் கூலி. இருபது வருஷம் பெருக்குங்க. இதை கொடுத்தது தமிழ்நாட்டுலயே காசு இல்லாத குடும்பங்க. 77 கோடின்னு சொன்ன கணக்குல இந்த வரி இல்லை.

இப்ப நீங்க கேட்கலாம், "குற்றவாளி குடும்பத்துக்கு இவ்வளவு பரிதாபம் எதுக்கு?" கமெண்ட்ல கேட்கத்தான் போறீங்க, அதனால இப்பவே சொல்லிடறேன். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட 2022 சிறைப் புள்ளிவிவரப்படி, இந்தியச் சிறைகள்ல இருக்கிறவங்கள்ல 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். நூத்துல 75 பேருக்கு மேல இன்னும் குற்றவாளின்னு தீர்ப்பு வராதவங்க. இவங்களுக்கு ஜெயில்ங்கிறது தண்டனை அனுபவிக்கிற இடம் இல்லை, கோர்ட்டுக்கு போறதுக்கான வெயிட்டிங் ரூம். வெயிட்டிங் ரூமை எங்க வைப்பீங்க? ஸ்டேஷன் பக்கத்துல தானே?

பழைய சென்ட்ரல் ஜெயில்ல இருந்து ஹைகோர்ட் வளாகத்துக்கு ரெண்டு, மூணு கிலோமீட்டர்தான். எழும்பூர் கோர்ட்டும் பக்கம். புழல்ல இருந்து கிளம்பினா ஜி.என்.டி. ரோடு டிராஃபிக்கை தாண்டி வரணும். வண்டி வேணும், வழிக்காவலுக்கு ஆயுதப்படை போலீஸ் வேணும். பந்தோபஸ்து நாள்ல, யாராவது வி.ஐ.பி. வர்ற நாள்ல, "எஸ்கார்ட் இல்லை"ன்னு ஒரு வரி வரும். கைதி வரலைன்னா சாட்சி விசாரணை தள்ளிப்போகும். எங்கயோ இருந்து லீவு போட்டு வந்த சாட்சி திரும்பிப் போவார். அடுத்த தடவை வருவாரான்னு தெரியாது. நான் தூரம் ஒன்னுதான் காரணம்னு சொல்லல. எங்க சைடுல வக்கீல்கள் வாங்குற வாய்தாவும் அதுல பாதி இருக்கு. ஆனா தூரம் அந்த காரணத்தை ரொம்ப சுலபமாக்கிடுது.

வீடியோ கான்பரன்சிங் இருக்கேன்னு சொல்லுவீங்க. இருக்கு. காவலை நீட்டிக்க முதல் தடவை மட்டும் மாஜிஸ்திரேட் முன்னாடி நேர்ல கொண்டு வரணும், அதுக்கப்புறம் வீடியோவுல காட்டலாம்னு சட்டத்துலயே திருத்தம் பண்ணியாச்சு. செலவு மிச்சம், எஸ்கார்ட் மிச்சம், ஒத்துக்கிறேன். ஆனா நேர்ல கொண்டு வரச் சொன்னதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. மாஜிஸ்திரேட் அந்த ஆளை பார்க்கணும். நொண்டி நடக்குறானா, கை வீங்கியிருக்கா, பக்கத்துல நிக்கிற போலீஸை பார்த்து பயப்படறானா. வீடியோவுல வர்றது கழுத்துக்கு மேல. சட்டைக்கு பின்னாடி என்ன இருக்குன்னு திரைக்கு தெரியாது. இன்னொன்னு, கோர்ட் வராண்டாவுல எங்களுக்கு கட்சிக்காரர்கூட அஞ்சு நிமிஷம் கிடைக்கும். குடும்பத்துக்கும் அங்கதான் ஒரு பார்வை கிடைக்கும். அம்மாங்க பிஸ்கட் பாக்கெட்டோட நிப்பாங்க. அந்த அஞ்சு நிமிஷமும் இந்த பரிமாற்றத்துல போச்சு.

ஆஸ்பத்திரி விஷயம் இன்னும் விசித்திரம். பழைய ஜெயில், ஜி.எச்.சுக்கு பக்கத்துலயே இருந்துச்சு. ராத்திரி ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா நிமிஷத்துல போயிடலாம். ஜெயில் இடத்தை மெடிக்கல் காலேஜுக்கு கொடுத்தோம், நல்ல காரியம். புழல்ல நெஞ்சு வலி வந்தா ஸ்டான்லி வரைக்கும் வரணும். அதுக்கும் எஸ்கார்ட் வேணும்.

இதெல்லாம் கேட்டுட்டு, நான் பழைய ஜெயிலையே வச்சிருக்கணும்னு சொல்றேன்னு நினைக்காதீங்க. இல்லை. அந்தக் கட்டிடம் கொடுமையானது. வயசு 170 வருஷம். நெரிசல். 1999 நவம்பர்ல அங்க நடந்த கலவரத்துல ஒரு துணை ஜெயிலர் செத்தார், துப்பாக்கிச் சூட்டுல கைதிகள் செத்தாங்க. அதுக்கப்புறமும் அதே கட்டிடத்துல வச்சு நடத்தியிருந்தா அது வேற தப்பு. புழல்ல இடம் இருக்கு, காத்து இருக்கு, ஆண் பெண், விசாரணை தண்டனைன்னு பிரிச்சு வைக்க முடியுது. மாத்தினது சரி. ஏழைங்க வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரியோட காலேஜுக்கு இடம் போனதும் சரி. மால் கட்டியிருந்தா நான் இந்த எபிசோடை வேற டோன்ல பேசியிருப்பேன்.

கோலாலம்பூர் புடு ஜெயில் தெரியுமா? மலேசியாவுல இருக்கிற நம்ம லிஸனர்ஸுக்கு கண்டிப்பா தெரியும். 1895-ல கட்டி முடிச்சது. 1996-ல மூடி கைதிகளை சுங்கை பூலோ, காஜாங் பக்கம் கொண்டு போனாங்க. வெளிச்சுவர்ல கைதி ஒருத்தர் வரைஞ்ச மிக நீளமான ஓவியம் இருந்துச்சு. 2010-ல அந்தச் சுவரையும் இடிச்சாங்க. இப்ப அங்க மால், டவர், கச்சேரி அரங்கு. பழைய நுழைவாயிலை மட்டும் விட்டு வச்சிருக்காங்க, போட்டோ எடுக்கலாம்.

லண்டன்ல ஹாலோவே. மேற்கு ஐரோப்பாவுலயே பெரிய பெண்கள் சிறையா இருந்தது, நகரத்துக்குள்ள, இஸ்லிங்டன்ல. 2016-ல மூடினாங்க. 2019-ல 8.15 கோடி பவுண்டுக்கு ஒரு வீட்டுவசதி அமைப்புக்கு வித்தாங்க. அங்க கட்டுற வீடுகள்ல பாதிக்கு மேல சாதாரண வருமானக்காரங்களுக்கு. கேட்க நல்லா இருக்கு. ஆனா லண்டன் பெண் கைதிகளை சர்ரே பக்கம் அனுப்பினாங்க. அம்மாவை பார்க்க வர்ற குழந்தைக்கு டியூப் ரயில் ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரம், ரயில் மாறி, பஸ் ஏறி போற தூரமாச்சு. ஆனா அங்க ஒன்னு பாருங்க, விலைன்னு ஒரு நம்பர் இருக்கு. வித்தது குறைச்சலா, கூடுதலான்னு வாதாட ஒரு பிடி இருக்கு.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் அமெரிக்காவுல யூட்டா மாநிலம். சால்ட் லேக் சிட்டிக்காரங்க. முதல்ல ஊருக்கு பக்கத்துல சுகர் ஹவுஸ்ங்கிற இடத்துல ஜெயில் வச்சிருந்தாங்க. ஊர் வளர்ந்து ஜெயிலை தொட்டுடுச்சு. 1951-ல தெக்க டிரேப்பர்ங்கிற இடத்துக்கு மாத்தினாங்க. பழைய இடம் பார்க் ஆச்சு. "இனி யாரும் இங்க வர மாட்டாங்க"ன்னு நினைச்சாங்க. ஊர் அங்கயும் வந்துடுச்சு, ஐ.டி. கம்பெனிகளோட. 2015-ல மறுபடி மாத்த முடிவு பண்ணாங்க, இந்த தடவை ஏர்போர்ட்டுக்கு மேற்க, உப்பு ஏரிப் பக்கம். முதல்ல சொன்ன மதிப்பீடு சுமார் 55 கோடி டாலர், 4,000 பேருக்கு. 2022 ஜூலைல கைதிகளை மாத்தும்போது செலவு 100 கோடி டாலரை தாண்டியிருந்துச்சு, இடம் 3,600 பேருக்குத்தான். ஏரி ஓர மண்ணு, அடித்தளம் போடுறதுக்கே தனிச் செலவு. சிமெண்ட், இரும்பு, கூலி எல்லாம் ஏறிச்சு. எதிர்பாராததுன்னு சொன்னாங்க. ஏரி ஓரத்துல மண்ணு நொசநொசன்னு இருக்கும்ங்கிறது எப்படி எதிர்பாராததாகும்னு எனக்கு புரியல.

ஆனா யூட்டாக்காரங்க ஒன்னு புத்திசாலித்தனமா பண்ணாங்க. டிரேப்பர்ல காலியான 600 ஏக்கரை மொத்தமா வித்து கை கழுவல. அதுக்குன்னு தனி அரசு அமைப்பு வச்சு, நிலத்தை பொதுவுலயே வச்சுக்கிட்டு குத்தகைக்கு விட்டு வளர்க்கிறாங்க. நாளைக்கு மனசு மாறினாலும் நிலம் கையில இருக்கும்.

நம்ம ஊர்லயும் நகரம் ஜெயிலை துரத்திக்கிட்டேதான் இருக்கு. மதுரையில மத்திய சிறை இருக்கிற ரோட்டுக்கு பேரு என்ன? புது ஜெயில் ரோடு. அந்த 'புது' ஜெயில் 1865-ல கட்டினது. புழலை மாத்தும்போது ஊருக்கு வெளியன்னு சொன்னாங்க. 2011-ல புழலே சென்னை மாநகராட்சிக்குள்ள வந்துடுச்சு. இப்ப சுத்தி அபார்ட்மெண்ட். இன்னும் இருபது வருஷத்துல யாராவது ஒரு அமைச்சர், "நகரின் மையப் பகுதியில் உள்ள புழல் சிறையை மாற்றி" அப்படின்னு ஒரு அறிக்கை விடுவார். எழுதி வச்சுக்கோங்க.

சரி, கோவை. காந்திபுரம் பக்கத்துல, ஊருக்கு நட்ட நடுவுல, மத்திய சிறை. 1872-ல வந்தது. வளாகம் 165 ஏக்கர். வ.உ.சி. செக்கிழுத்த சிறை இது. அவர் இழுத்ததா போற்றப்படுற ஒரு செக்கு 1972-ல சென்னைக்கு, கிண்டி காந்தி மண்டபத்துக்கு வந்துடுச்சு. கோவைச் சிறையிலயும் செக்கு நினைவிடம் இருக்கு. 2010-ல செம்மொழி மாநாடு நடந்தப்போ அன்னைக்கு முதலமைச்சரா இருந்த கலைஞர் இங்க செம்மொழிப் பூங்கா வரும்னு அறிவிச்சார். 2023 டிசம்பர்ல அடிக்கல் போட்டு, 2025 நவம்பர்ல திறந்தாங்க. முதல் கட்டம் 45 ஏக்கர், 208.50 கோடி ரூபாய். நான் போயிருந்தேன். நல்லா இருக்கு. சாயங்காலம் கூட்டம் அள்ளுது. சிறையை பிளிச்சிக்கு, பெரியநாயக்கன்பாளையம் தாண்டி இருக்கிற ஊர், அங்க மாத்துறதா திட்டம்.

கோயம்புத்தூர்க்காரங்க சதுர அடியில பேச மாட்டீங்க, சென்ட்லதான் பேசுவீங்க. 165 ஏக்கர்னா 16,500 சென்ட். காந்திபுரத்துல சென்ட் என்ன விலைன்னு என்னைவிட உங்களுக்கு நல்லா தெரியும். பேச்சுக்கு 20 லட்சம்னு வச்சா 3,300 கோடி. சிரிக்காதீங்க, கம்மியா சொல்லிட்டேன்னு தெரியும். இவ்வளவு மதிப்புள்ள பொது நிலத்தோட தலையெழுத்தை முடிவு பண்றோம். பூங்காவுக்கு 45 ஏக்கர் போக மீதி என்ன ஆகப் போகுது? அதுல எவ்வளவு மரம், எவ்வளவு கான்கிரீட்? ஊர்ல யார்கிட்ட கேட்டாலும் ஒவ்வொருத்தர் ஒவ்வொன்னு சொல்றாங்க.

பூங்கா வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். கோவை மாதிரி ஊருக்கு காசு கொடுக்காம மூச்சு விடற இடம் ரொம்ப கம்மி. நான் கேட்கிறது, பூங்கா திட்ட அறிக்கையில செடி, நீரூற்று, பார்க்கிங் எல்லாத்துக்கும் மதிப்பீடு போட்ட மாதிரி, அந்த பக்கத்துக்கும் போடுங்கன்னுதான். கோர்ட் இருக்கிறது ஊருக்குள்ள. சிறை போறது இருபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். தினம் எத்தனை வண்டி, எத்தனை எஸ்கார்ட், வருஷத்துக்கு எவ்வளவு டீசல்? இது எழுதக்கூடிய நம்பர்தானே. மனு பார்க்க வர்றவங்களுக்கு காந்திபுரத்துல இருந்து சிறை வாசல் வரைக்கும் டவுன் பஸ் விடுவீங்களா? நான் 'வாசல் வரைக்கும்'னு அழுத்திச் சொல்றேன். மெயின் ரோட்டுல இறக்கி விட்டுட்டு ரெண்டு கிலோமீட்டர் வெயில்ல நடக்க விடற பஸ் இல்லை. தண்டனைக் கைதிகளை அங்க வச்சுட்டு, விசாரணைக் கைதிகளுக்கு மட்டும் ஊருக்குள்ள ஒரு சின்ன சிறையை விட்டு வைக்க முடியுமா? 165 ஏக்கர்ல ஒரு 5 ஏக்கர் போதும். பார்க்குக்கு வர்றவங்க முகம் சுளிப்பாங்கன்னு இதை யாரும் பேச மாட்டேங்கிறாங்க. ஒரு மரக்கூட்டத்துக்கு அந்தப் பக்கம் ஜெயில் இருந்தா ரோஜா வாடிடாது.

அப்புறம், போற இடம். ஊருக்கு வெளிய அரசு நிலம் 'சும்மா கிடக்கு'ன்னு ஃபைல்ல எழுதியிருக்கும். ஆடு மாடு மேய்ஞ்சுக்கிட்டு இருக்கும், விறகு பொறுக்கிக்கிட்டு இருப்பாங்க, மழைத் தண்ணி அது வழியா குளத்துக்கு போய்க்கிட்டு இருக்கும். நான் எந்த ஒரு ஊரையும் குறிச்சு சொல்லல. ஜெயிலுக்குன்னு இல்ல, எதுக்கு நிலம் எடுத்தாலும் நில மாற்றத்துல இந்த இன்னொரு கையை பார்க்கணும். நகரத்துக்காரன் கொடுத்த நிலத்துக்கு விலை தெரியும். கிராமத்துக்காரன் இழந்ததுக்கு விலையே கேட்டிருக்க மாட்டாங்க.

எனக்கு ஒரு சந்தேகம் எப்பவும் உண்டு. ஜெயிலை மாத்தணும்னு எந்த ஊர்லயாவது கைதிக்காக ஆரம்பிச்சிருக்காங்களா? நெரிசல், கழிப்பறை, காத்தோட்டம் எல்லாம் காரணத்துல கண்டிப்பா எழுதியிருப்பாங்க. ஆனா அந்த நெரிசல் முப்பது வருஷமா இருந்திருக்கும். நிலத்தோட விலை ஏறின வருஷம்தான் நெரிசல் கண்ணுக்கு தெரியும்.

அந்த அக்கா பையனுக்கு ஏழு மாசம் கழிச்சு ஜாமீன் கிடைச்சுது. எங்க சீனியர்தான் கடைசியில மனு போட்டார், இது வேற மனு. ஜாமீன் கிடைச்சு, உத்தரவு போய் சேர்ந்து, வெளிய விட சாயங்காலம் ஆகும்னு சொன்னாங்க. நானும் அன்னைக்கு வேற ஒரு கேஸ் விஷயமா அங்க இருந்தேன். வெளிய டீக்கடையில நின்னோம். அக்கா திடீர்னு கேட்டாங்க, "பழைய ஜெயில் இருந்த இடத்துல இப்ப என்ன தம்பி இருக்கு? நான் அந்த பக்கம் போயே வருஷமாச்சு."

"மெடிக்கல் காலேஜ்க்கா. டாக்டருக்கு படிக்கிற பசங்க இருக்காங்க."

கொஞ்ச நேரம் டீயை ஊதிக்கிட்டு இருந்தாங்க. "நல்லதுதானே. எங்க அம்மாவை கடைசியா அங்க ஜி.எச்.லதான் பார்த்தாங்க. நல்லா பார்த்தாங்க"ன்னு சொன்னாங்க. அப்புறம் மணி கேட்டாங்க. ஆறரைன்னேன். பெரும்பாக்கம் போற கடைசி பஸ்ஸுக்கு சென்ட்ரல்ல எத்தனை மணிக்குள்ள இருக்கணும்னு விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சாங்க. பையன் இன்னும் வெளிய வரல.